ஏழாம் வகைக்கு ஒளி காட்டுவதில்லை

கொழிஞ்சாம்பாறை
3.2.2026

ஷபீருக்கு,

நான் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டதாக இந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். உன் மனைவி ரஜீனாவும் விசாரிக்கிறவர்களிடம் அதையே சொல்லியிருக்கிறாள். அது தவறு. எழுபத்தொரு வயதுவரை நான் எங்கும் வழுக்கி விழுந்ததில்லை. ஜனவரி இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, என் இடது மணிக்கட்டைப் பிடித்து நீ திருகினாய். எலும்பு முறிந்த சத்தம் உனக்கும் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு திருகு திருகினாய். என் விரல்கள் திறந்து, நான் முகாமுக்காக எழுதி வைத்திருந்த குறிப்பு நோட்டு கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல், மூணாறுக்குத் திரும்பிப் போய்விட்டாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இதையேதான் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "உம்மா, மகனல்லே?" என்றார். "மகன்தான். அதனால்தான் பெயரைப் பிழையில்லாமல் எழுதச் சொல்கிறேன்" என்றேன். எழுதினார்.

என் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போனில் பேசியதை மறுநாள் நீ இல்லையென்கிறாய். இனி நமக்குள் கடிதம்தான்.

நோட்டை எரித்திருப்பாய். எரித்துப் பயனில்லை. மூணாறில் நீ நடத்தும் விண்மீன் பார்க்கும் முகாமில் விருந்தினருக்குச் சொல்லும் பேச்சு முழுவதும் நான் எழுதியது. உன் அத்தா மொய்தீனுடைய கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் உட்கார்ந்து லென்ஸுக்கு நடுவே படித்துச் சேர்த்தது. இங்கே திரும்ப எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்.

ஒரு விண்மீன் தன் நிறையால் தன்னையே உள்நோக்கி நசுக்குகிறது. நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாகி எழும் வெப்பம் வெளிநோக்கி இடிக்கிறது. இரண்டும் விடாமல் மோதிக்கொள்கின்றன. மோதல் சமமாக இருக்கும் காலம் முழுவதும் அந்த விண்மீன் முதன்மைத் தொடரில் இருக்கிறது என்று சொல்கிறோம். சூடு அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை ஏழு வகை: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். நிறை கூடினால் சூடு கூடும், நீலம் கூடும், ஆயுள் குறையும். நிறை இரண்டு மடங்கானால் ஒளி பத்துப் பதினொரு மடங்கு. அவ்வளவு வேகமாகத் தன்னைத் தின்கிறது. ஓ வகை முப்பதாயிரம் கெல்வினுக்கு மேல், சில பத்து லட்சம் ஆண்டில் முடிந்துவிடும். அதற்கு ஓரியன் என்கிற வேடன் கூட்டத்தின் இடுப்புப் பட்டைக்குக் கீழே மங்கலாக உள்ள ஒன்றைக் காட்டுவாய். பி வகைக்குத் தெற்கே தாழ்ந்திருக்கும் அக்கர்னார். ஏ வகைக்கு சிரியஸ், வெள்ளை, சூரியனைப் போல் இரண்டு மடங்கு நிறை. சூரியன் ஜி வகை, ஐயாயிரத்து எண்ணூறு கெல்வின், ஆயிரம் கோடி ஆண்டு ஆயுள். பிறகு கே, ஆரஞ்சு நிறம். சூரியனைத் தவிர ஒவ்வொன்றுக்கும் உன் பச்சை லேசர் வானத்துக்குப் போகும்.

கடைசியில் எம். சிவப்பு, மூவாயிரத்து எழுநூறுக்குக் கீழே. நான்கு விண்மீன்களில் மூன்று இந்த வகைதான். லட்சம் கோடி ஆண்டு எரியும். ஆனால் அந்த வகையில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. விருந்தினர் கேட்கிறார்கள் என்று நீ திருவாதிரையைக் காட்டப் பார்த்தாய். அது தொடரை விட்டு வெளியேறி வீங்கிய பெருமீன், அதைக் காட்டினால் பொய் என்று நான் தடுத்தேன். அதனால் நம் முகாமில் ஒரு வழக்கம் வந்தது. எம் வகைக்கு லேசரை அணைத்துச் சட்டைப் பையில் போடவேண்டும். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருட்டைப் பார்க்கவேண்டும். மூன்று வருடமாக ஒரு நாளும் இது மாறியதில்லை.

ஜனவரி பதினேழு, சனிக்கிழமை, மாலை ஏழரை மணி. விருந்தினரைத் திரும்ப அழைத்துப்போக டிரைவர் சின்னமுத்து தனியாக ஜீப்பில் ஏறி வந்தான். கடைசி வளைவில் ஜீப் தேயிலைச் சரிவில் உருண்டது. ஸ்டீயரிங் அவன் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் இறந்தான். ஜீப்பில் யாரோ விருந்தினர் விட்டுப்போன பாட்டில் கிடந்தது, குடித்து ஓட்டினான் என்று போலீஸார் எழுதிவிட்டார்கள். நீயும் வாக்குமூலம் கொடுத்தாய். "எம் வகை காட்டிக்கொண்டிருந்தேன், லேசர் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்" என்று சொன்னாயாம். ரஜீனா எனக்கு வாசித்துக் காட்டினாள்.

எம் வகைக்கு லேசர் பையில் இருக்கவேண்டும், ஷபீர். இதை அறிந்தவர்கள் நீயும் நானும். எழுத்தில் இருந்தது நீ பறித்த நோட்டில் மட்டும். நீ அதை வெளியே எடுத்தாய், அழுத்தினாய், அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாய். முன்வரிசை நாற்காலியில் இருந்து நான் பார்த்தேன்.

நீயே ஸ்டேஷனுக்குப் போய் சொல். இல்லையென்றால் நான் சொல்வேன்.

ஐசும்மா


மூணாறு
9.2.2026

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கை விஷயத்தில் நான் செய்தது தப்பு. அன்று கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்வரை என் உள்ளங்கையில் அந்தச் சத்தம் இருந்தது. நோட்டை எரித்தது உண்மைதான். வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

லேசரை எடுத்ததும் உண்மை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் தேதி, கிழமை, மணி எல்லாம் எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். அதை நான் எழுதுகிறேன்.

கடைசி வளைவில் ஹெட்லைட்டை அணைத்து, சின்ன விளக்கோடுதான் ஏறவேண்டும் என்பது யார் போட்ட சட்டம்? நீங்கள் போட்டது. ஒருமுறை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும் என்று எல்லா டிரைவர்களையும் நிற்க வைத்துச் சொன்னீர்கள். சின்னமுத்து அன்று ஹைபீமோடு ஏறினான். இருபத்திரண்டு பேர் முகத்திலும் வெள்ளையாக அடித்தது. நீங்கள் எழுந்து நின்றீர்கள். கைத்தடியைத் தரையில் குத்தினீர்கள். "அந்த நாயோட கண்ணை அவிச்சுடுடா" என்றீர்கள்.

நான் அவித்தேன்.

விருந்தினர் எல்லாம் வடக்கே இருந்து வந்தவர்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால்தான் உங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. நானும் சொல்லவில்லை.

நிறை ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, சூடு, நிறம், ஆயுள் எல்லாம் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது என்று என்னை ஆயிரம் முறை சொல்ல வைத்தீர்கள். என்னை எந்த நிறையில் செய்தீர்கள் அம்மா? வாய்ப்பாடு தப்பினால் அடிஸ்கேலின் விளிம்பால் முட்டியில் அடிப்பீர்கள். அத்தா, "போதும் ஐசு, புள்ளைக்கு ரத்தம் வருது" என்பார். "வரட்டுங்க, அப்பத்தான் மறக்காது" என்பீர்கள். மறக்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போவதென்றால் போங்கள். முழுசாகச் சொல்லுங்கள்.

ஷபீர்


கொழிஞ்சாம்பாறை
14.2.2026

ஷபீருக்கு,

நான் 'நாய்' என்ற சொல்லை மனிதருக்குப் பயன்படுத்துவதில்லை. கான்வென்டில் பதினொரு வருடம் படித்தவள். "அணைக்கச் சொல்லு" என்றுதான் சொல்லியிருப்பேன். கூச்சலில் உனக்கு வேறாகத் தோன்றியிருக்கலாம். அடிஸ்கேலைப் பற்றி எழுதியது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது.

நிறையைப் பற்றி நீ எழுதியதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த விதி வாயு உருண்டைக்கு. வாயு உருண்டைக்குக் கையைப் பைக்குள் விடவும் தெரியாது, வெளியே எடுக்கவும் தெரியாது. உனக்குத் தெரியும்.

நேற்று முன்தினம் சின்னமுத்துவின் மனைவி மாரித்தாய் இங்கே வந்தாள். மூணாறிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்மா, எம் புருசன் குடிச்சு எட்டு வருசமாச்சு. வேளாங்கண்ணியில மொட்ட போட்டு விட்டவரு. அவரப் போயி குடிகாரன்னு எழுதிட்டாவ. பேக்டரில பொம்பளைய எல்லாம் என்னையப் பாத்து மூக்கப் பொத்துதாளுவ. நீங்க படிச்சவுக, அங்கன இருந்தவுக. நீங்க ஒண்ணு சொன்னா எடுபடும்லா?"

நான் ஹைபீமைப் பற்றிக் கேட்டேன். வேண்டுமென்றேதானே போட்டான் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேணும்னா? ஐப்பசி மழையில அந்த வளவுல பாதி ரோடு சரிஞ்சுட்டும்மா. லைட்டு இல்லாம ஏறுனா டயர் எங்க நிக்கிதுன்னே தெரியாதுன்னு உங்க மவன்கிட்ட மூணு தடவ சொன்னாரு. மூணாவது தடவ ஜீப்பு ஸ்டாண்டுல, அத்தன டிரைவர் முன்னால, உங்க மவன் செவுட்டுல ஒரு அறை. 'சொன்னதச் செய்யிடா, நட்சத்திரம் உன் அப்பன் வீட்டுதா'ன்னு கேட்டாராம். ராத்திரி சோறு திங்கல. மறுநா லைட்டப் போட்டுத்தான் ஏறுவேன், புள்ளைகளுக்கு அப்பன் வேணும்லான்னு சொல்லிட்டுப் போனாரு."

சாலை சரிந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை. ஏன்? வெளிச்சத்தை அவன் நம்மை அவமதிக்கப் போட்டான் என்று நினைத்துத்தான் நான் எழுந்தேன். வழியைப் பார்க்கப் போட்டான் என்று எனக்குத் தெரியாது.

அவளிடம் நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். போகும்போது, தன் கொழுந்தன் அஜய் தேயிலைச் செடி கவாத்து வெட்டும் கத்தியைத் தினமும் தீட்டுகிறான் என்றாள். எச்சரிக்கிறாளா, மிரட்டுகிறாளா என்று தெரியவில்லை. கவனமாக இரு.

ஐசும்மா


மூணாறு
21.2.2026

அம்மாவுக்கு,

உங்கள் எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர்ந்தது பத்தொன்பதாம் தேதி. அஜய் வந்தது பதினெட்டாம் தேதி.

டெலஸ்கோப்பை ஜீப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்தான். கழுத்துக்கு வீசினான். திரும்பியதால் தோளில் இறங்கியது. தேயிலைச் செடியின் தண்டை ஒரே வெட்டில் சாய்க்கிற கத்தி அது. பதினான்கு தையல். விழவில்லை நான். டெலஸ்கோப் முக்காலியின் ஒரு காலை உருவி அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு. முட்டி உள்ளே போய்விட்டது. இனி அவன் செடிகளுக்கு நடுவே நேராக நிற்கமாட்டான். இருவரும் கேஸ் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்து, "ஒரு கால் போனா என்னலே, ரெண்டு கை இருக்கு" என்றான். "கையையும் கொண்டா" என்றேன். அடுத்த முறை முழங்காலோடு நிறுத்தமாட்டேன்.

சாலை சரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னால் முகாமை மூடச் சொல்வீர்கள் என்று தெரியும். உங்களுக்கு எதுவும் சரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இருக்கவே கூடாது. அதனால் சொல்லவில்லை.

நோன்பு தொடங்கிவிட்டது. வலது தோளைத் தூக்க முடியாமல் தொழுகிறேன். சஜ்தாவில் நெற்றியை வைத்தால் அந்தக் கண்ணாடிதான் தெரிகிறது. அதையும் எழுதிவிடுகிறேன், யாரிடமாவது எழுதவேண்டும். லேசர் பட்டதும் ஜீப்பின் முன்கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பூத்தது. அவன் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். "வேண்டாம் பாய், வேண்டாம் பாய்" என்று கத்தினான். எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும். நான் லேசரை விலக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நீங்கள் இருட்டில் நிற்கும் நிமிடத்தை எண்ணச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதே மாதிரி. மூன்றில் ஜீப் இல்லை. வெளிச்சம் மட்டும் கீழே சுற்றிச் சுற்றிப் போனது.

வாசித்ததும் கிழித்துவிடுங்கள். ரஜீனாவுக்குத் தெரியாது.

ஷபீர்


கொழிஞ்சாம்பாறை
2.3.2026

ஷபீருக்கு,

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நகலும் எடுக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் மூன்று ஜெராக்ஸ் கடை இருக்கிறது, மூன்றையும் தாண்டித்தான் தபாலாபீசுக்கு நடந்தேன். இத்துடன் அதை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். உன் கையெழுத்தில் உள்ளதை உன் கையால்தான் கொடுக்கவேண்டும். மகனிடம் எழுதி வாங்கி அவனைக் காட்டிக்கொடுத்தாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அது பெருமைக்காகச் சொல்வது என்றால், ஆம், பெருமைக்காகத்தான்.

தையல் பதினெட்டு என்று ரஜீனா எழுதியிருக்கிறாள். நீ பதினான்கு என்கிறாய். எனக்காக நான்கைக் குறைத்திருக்கிறாய்.

பிப்ரவரி பதினான்காம் தேதிக் கடிதத்தில் நான் எழுதியது பொய். "அணைக்கச் சொல்லு" என்று நான் சொல்லவில்லை. நீ எழுதிய சொற்கள்தான் சரி. 'நாய்' உள்பட. அதை எழுத எனக்குப் பதினாறு நாள் ஆனது. அவன் கத்தியதும் கேட்டது. அப்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதவேண்டும். என் சொல்லுக்கு ஒருவன் பயப்படுகிறான் என்ற மகிழ்ச்சி. மூன்று எண்ணும் நேரம் இருந்தது. நீ என் பக்கம் திரும்பியிருந்தால்கூட நான் போதும் என்று சொல்லியிருக்கமாட்டேன்.

போன வியாழக்கிழமை மூணாறு வந்திருந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. கட்டுப் போட்ட கையோடு நேராக எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ள லயத்துக்குப் போய் மாரித்தாயிடம் சொன்னேன். அஜய் பக்கத்தில் பாயில் காலை நீட்டிப் படுத்திருந்தான். நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.

"அந்த வார்த்தைய நீங்களா சொன்னீய?" என்றாள்.

"நான்தான்."

அறைந்தாள். கன்னத்துக்கும் காதுக்கும் சேர்த்து. என் கண்ணாடி அடுப்பு மூலையில் போய் விழுந்தது. அஜய், "இன்னொண்ணு போடுங்க மதினி" என்றான். அவள் போடவில்லை. கண்ணாடியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, என் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட சொல்லி என்னத்துக்கும்மா? போலீசுல சொல்லுங்க. அந்தக் குடிகாரன்ங்கிற பேரை எடுங்க, போதும். இவன நான் பிடிச்சு வச்சுக்கிடுதேன். உங்க மவன நீங்க பிடிங்க" என்றாள்.

பிடிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அடிக்கத்தான் தெரியும். அடிஸ்கேல் சம்பந்தமில்லாதது என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டு வாசித்துக்கொள்.

பிறக்கும்போது உள்ள நிறையைக் கேட்டாயே. நீ பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு கிராம். பயந்த பிள்ளை. கதவு சாத்தும் சத்தத்துக்கு அழுவாய். மற்றதெல்லாம் பிறகு வந்தது, அதில் என் பங்கு எவ்வளவு, உன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. சின்னமுத்துவின் சாவில் மட்டும் பிரிக்க முடியும். சொன்னது நான். மூன்றுவரை எண்ணியது நீ.

என் வாக்குமூலத்தை நான்கு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். கடைசி வளைவுக்கு நான் போட்ட சட்டம், சாலை சரிந்தது, எம் வகைக்கு லேசர் அணைக்கும் வழக்கம், நான் சொன்ன வார்த்தை, நீ செய்தது. நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதியிருக்கிறேன். உன் கடிதத்தில் உள்ள எதுவும் அதில் இல்லை. எண்ணியதை நீ சொன்னால்தான் உண்டு.

மார்ச் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அங்குள்ள ஸ்டேஷனில் அதைக் கொடுக்கிறேன். என்னையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்றால் வைக்கட்டும், மாற்றுப் புடவை இரண்டு எடுத்து வருகிறேன். அதுவரை அஜய் இருக்கும் பக்கம் நீ போகாதே. நீ வந்தால் இருவரும் சேர்ந்து உள்ளே போவோம். வராவிட்டாலும் நான் போவேன். என்னைத் தடுக்க இன்னொரு கையையும் முறிக்கலாம் என்று நினைத்தால், என் வாக்குமூலத்தின் ஒரு படி வக்கீலிடம் இருக்கிறது.

போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். ரஜீனா மூலம் சொல்லி அனுப்பாதே. வருகிறாயா இல்லையா என்பதை உன் கையால் ஒரு தாளில் எழுதி, பதினான்காம் தேதி, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் போடு.

உன் அம்மா,
ஐசும்மா